இலைப் படத்தைப் பார்க்குமுன் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள்: மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு குறைந்த ஒயினைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் ஒயின் குடிப்பவர்கள் அதிகம் இல்லை. இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுப் பண்டிகைக்கு ஊர் வருகிற பிள்ளைகள், வளைகுடாவிலிருந்து வரும்போது விமான நிலையத்தில் ஒரு பாட்டில் வாங்கிவருகிற மாப்பிள்ளைமார், கிறிஸ்துமஸ் கேக்கோடு சின்ன கிளாஸ் ஒன்றும் வைக்கிற பாளையங்கோட்டை, நாசரேத் வீடுகள் என்று ஒரு வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்தில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "ஆர்கானிக்னு போட்டிருக்கே, இதை வாங்கினா நல்லதா?"

என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி. லேபிளில் இருக்கிற பச்சை இலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாட்டில் எவ்வளவு கனம், அது எவ்வளவு தூரம் வந்தது என்று பாருங்கள். அப்புறம்தான் தோட்டமும் முத்திரையும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குடிப்பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. வருடத்தில் இரண்டு மூன்று நல்ல நாளுக்கு வாங்குகிறவர், அந்த ஒரு பாட்டிலை யோசித்து வாங்கட்டும் என்பதற்காகத்தான் இது.

கேடு எங்கிருந்து வருகிறது

திராட்சைச் சாறு நொதிக்கும்போது சர்க்கரையில் ஏறக்குறைய பாதி சாராயமாகவும் மீதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. தொட்டியில் நுரை பொங்குவதைப் பார்த்தால் இதுதான் பெரிய மாசு என்று தோன்றும். ஆனால் அந்த வாயு அதே வருடம் திராட்சைக்கொடி காற்றிலிருந்து இழுத்ததுதான். போன இடத்துக்கே திரும்புகிறது. உண்மையான சுமை வேறு இடங்களில்: கண்ணாடி உருக்குகிற உலை, லாரி டீசல், ஆலையின் குளிரூட்டும் மின்சாரம், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து, பாய்ச்சுகிற தண்ணீர்.

இதில் கண்ணாடிதான் பலருக்கும் ஆச்சரியம். ஒரு பாட்டில் ஒயினால் உண்டாகும் மொத்த கரியமில வாயுக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் பாட்டிலுக்கே போய்விடுகிறது. கனமான பாட்டிலாக இருந்தால் இன்னும் கூடும். மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்புக்கல்லையும் 1,500 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உருக்க வேண்டும். உலை ராத்திரி பகலாக எரியும், அணைக்க முடியாது. பிறகு அந்தக் கண்ணாடியை வெறுமையாக ஒரு முறை, நிரப்பி ஒரு முறை லாரியில் ஏற்ற வேண்டும்.

தோட்டத்துக்காரர் ரசாயனம் இல்லாமல் கஷ்டப்பட்டு விளைவித்த திராட்சையை ஒரு கிலோ கண்ணாடியில் அடைத்து விமானத்தில் அனுப்பினால், அந்த இலைப் படத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

படி 1: பாட்டிலை எடை பாருங்கள்

750 மில்லி பாட்டிலில் இருக்கும் ஒயினின் எடை ஏறக்குறைய 750 கிராம். மூடியோடு சேர்த்து முழுப் பாட்டிலின் எடையிலிருந்து இதைக் கழித்தால் கண்ணாடியின் எடை கிடைத்துவிடும். சமையலறைத் தராசு போதும். இல்லையென்றால் பக்கத்து அண்ணாச்சி கடை மின்தராசில் வைத்துப் பாருங்கள். சிரிப்பார், ஆனால் வைத்துத் தருவார்.

முழுப் பாட்டில் 1,200 கிராமுக்குள் இருந்தால் நல்லது; கண்ணாடி 450 கிராமுக்குள்தான். 1,300 வரை சாதாரணம். 1,500-ஐத் தாண்டினால் யோசியுங்கள். கண்ணாடி மட்டும் முக்கால் கிலோ, சிலதில் ஒரு கிலோ கூட இருக்கும். கனமான பாட்டில் என்றால் உள்ளே உசத்தியான சரக்கு என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. அடியில் உள்ள ஆழமான குழியும் அதே வித்தைதான். ருசிக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் கிடையாது. வெளிநாட்டுப் பாட்டிலைப் பரிசாகக் கொடுக்கும்போது கனமாக இருந்தால் மாமனாருக்குப் பெருமையாக இருக்கும், அவ்வளவுதான்.

இது என் ஒருவனுடைய கிறுக்கு இல்லை. பல நாட்டு விற்பனையாளர்கள் 2023-ல் ஓர் உடன்பாடு செய்தார்கள்: சாதாரண ஒயின் பாட்டிலின் சராசரி எடையை 550 கிராமிலிருந்து 2026 முடிவுக்குள் 420 கிராமாக இறக்குவது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நம் டாஸ்மாக் போல அரசு அமைப்புதான் மது விற்கிறது. அங்கே குறைந்த விலை ஒயின்களுக்கு 420 கிராம் வரம்பை முன்பே கொண்டுவந்துவிட்டார்கள். அரசே மொத்தமாக வாங்கி விற்கிற இடத்தில் இப்படி ஒரு விதி போடுவது சுலபம். தமிழ்நாட்டிலும் ஒரே வாங்குபவர்தான். இதை யாராவது யோசித்தால் நல்லது.

நுரைக்கிற ஒயினுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். மெல்லிய கண்ணாடி வெடித்துவிடும். ஷாம்பெயின்காரர்கள்கூட 2010-ல் தங்கள் பாட்டிலை 900 கிராமிலிருந்து 835-க்குக் குறைத்தார்கள். அதற்குக் கீழே போவது கடினம்.

கண்ணாடியே இல்லாத வழிகளும் உண்டு. அட்டைப் பெட்டிக்குள் பை வைத்து, குழாய் பொருத்தி 3 லிட்டராக விற்கிறார்கள். காற்று உள்ளே போகாததால் திறந்த பிறகும் நாலைந்து வாரம் தாங்கும். கரியமில வாயுக் கணக்கில் இதுதான் முதலிடம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் இதைத் தேடிக் கால் வலிப்பதுதான் மிச்சம். அலுமினிய டப்பாவில் வருவது சில நகரங்களில் கிடைக்கிறது. தனியாக ஒருவர் மட்டும் குடிக்கிற வீட்டில், பாதி பாட்டில் வீணாவதற்குச் சின்ன டப்பா மேல்.

படி 2: வந்த வழியைக் கணக்கிடுங்கள்

இந்திய ஒயினில் பெரும்பகுதி மகாராஷ்டிராவின் நாசிக் வட்டாரத்தில் விளைகிறது. அங்கிருந்து திருநெல்வேலிக்கு சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கு மேல். கர்நாடகத்தில் நந்தி மலை அடிவாரத்திலும் ஹம்பிப் பக்கமும் தோட்டங்கள் இருக்கின்றன. நந்தி மலையிலிருந்து வருகிற பாட்டில் அதில் பாதித் தூரம்கூட வருவதில்லை. தரம் உங்களுக்குச் சமமாகப் பட்டால் கர்நாடகப் பாட்டிலை எடுங்கள்.

வெளிநாட்டு ஒயின் என்றாலே பாவம் என்றும் இல்லை. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகக் கப்பல் எரிக்கிற எண்ணெய், லாரி எரிப்பதைவிடப் பல மடங்கு குறைவு. விமானம் எரிப்பது எல்லாவற்றையும்விட மிக அதிகம். கப்பலில் வந்த ஒயினுக்கும் லாரியில் நாட்டைக் குறுக்கே கடந்த ஒயினுக்கும் இடையே நாம் நினைக்கிற அளவு வித்தியாசம் இருக்காது. இதிலும் கெட்டிக்காரத்தனமான ஒரு முறை உண்டு. 24,000 லிட்டர் கொள்ளும் பெரிய பையில் ஒயினை ஊற்றி, அதை அப்படியே கன்டெய்னருக்குள் வைத்துக் கப்பலில் அனுப்பி, விற்கிற நாட்டில் பாட்டிலில் அடைக்கிறார்கள். கண்ணாடி கடல் கடப்பதில்லை. லேபிளில் எந்த நாட்டில் விளைந்தது, எங்கே அடைக்கப்பட்டது என்று இரண்டையும் படியுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

விமானத்தில் பயணியோடு வருகிற பாட்டில் தனிக் கதை. இந்தியாவுக்குள் வருகிற ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். நீங்கள் எப்படியும் வரப்போகிறீர்கள், விமானமும் பறக்கப்போகிறது; ஆனாலும் எடை எடைதான். அப்படிக் கொண்டுவருவதானால் கனமில்லாத பாட்டிலாக எடுங்கள். பக்கத்து மாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டுக்குள் பாட்டில் கொண்டுவர விதிகள் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் காரில் அடுக்கிக்கொண்டு வராதீர்கள்.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது பதநீரைச் சொல்லாமல் போனால் இந்தச் சீமைக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பனைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கி, பட்டை பிடித்த ஓலையில் ஊற்றிக் குடித்தால் பாட்டிலும் இல்லை, மூடியும் இல்லை. சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. அந்தத் தடை சரியா தவறா என்ற வாதம் வேறு. சுற்றுச்சூழல் கணக்கு மட்டும் போட்டால், தேரிக்காட்டுப் பனையை உலகத்தின் எந்தத் திராட்சைத் தோட்டமும் நெருங்க முடியாது. பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்த பதநீரை வாங்கினால் அந்தப் பெருமையில் பாதி போய்விடும்.

படி 3: தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்

விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது சுவாரசியமான பகுதி. இங்குதான் "ஆர்கானிக்" என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதும் புரியும்.

திராட்சைக்குப் பெரிய எதிரிகள் இரண்டு: சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும். முதலாவது பூஞ்சணம், இரண்டாவது பூஞ்சணம் போன்ற ஒன்று. 1880-களில் பிரான்சின் போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் (தாமிர உப்பு) சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அந்த நீலம் படிந்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, சோதித்துப் பார்த்து, 1885-ல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் போர்டோ பசை என்ன என்று நமக்கே பாடம் எடுப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தாமிரம் ஆர்கானிக் முறையிலும் அனுமதிக்கப்பட்டது. தாமிரம் மக்குவதில்லை. வருடா வருடம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 7 வருடத்துக்கு ஒரு ஹெக்டேரில் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. மழை அதிகமான ஊரில் ஆர்கானிக் தோட்டக்காரர் அடிக்கடி தாமிரம் தெளிப்பார். வறண்ட ஊரில் தெளிக்க வேண்டிய தேவையே குறைவு. ஆகவே சிலி, தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதிகள், தெற்கு ஸ்பெயின், சிசிலி போன்ற இடத்து ஒயின், மருந்து விஷயத்தில் இயல்பாகவே ஒரு படி முன்னே நிற்கும். அங்கே கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

நம் நாட்டுத் தோட்டங்களுக்கு இன்னொரு பிரச்சினை. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கும். வருடத்தில் ஒரு கவாத்து, ஒரு அறுவடை. இங்கே கொடிக்கு உறக்கமே இல்லை. நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபரில் இன்னொரு கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை ஒயின் திராட்சை பறிக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருடம் முழுக்கக் காய்க்கிறது. அதற்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடிக்கடி காய்ப்பு என்றால் அடிக்கடி மருந்து என்றும் அர்த்தம்.

இரண்டாம் கவாத்துக்குப் பிறகு மொட்டுகள் ஒரே சீராக முளைக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை மொட்டில் தடவுவது இந்தியத் திராட்சை விவசாயத்தில் பரவலான வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் இதற்கு அனுமதி மறுத்துவிட்டது. இதைக் கையாண்டவர் அதற்கு முன்போ பின்போ மது குடித்தால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி ஆபத்தாகிவிடும். உடம்பு சாராயத்தைச் செரிக்கிற வழியையே அது அடைத்துவிடுகிறது. நாம் குடிக்கப்போகிற ஒயினுக்காக மருந்து தடவுகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், ருசி பார்க்கிற மேசையில் உட்காருமுன் இதைக் கேளுங்கள்: மொட்டு முளைக்க என்ன தடவுகிறீர்கள், தடவுகிறவருக்குக் கையுறை இருக்கிறதா?

மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியது எளிது. வரிசைகளுக்கு நடுவே வெறும் மண் தெரிகிறதா, புல்லும் பயறும் வளர்ந்திருக்கிறதா? நல்ல தோட்டங்களில் வரிசை நடுவே பயறுவகை விதைத்து மடக்கிவிடுகிறார்கள். நம்மவர்கள் சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுவதும் இதே வேலைதான். நியூசிலாந்திலும் கலிஃபோர்னியாவிலும் கொடி உறங்குகிற காலத்தில் தோட்டத்துக்குள் ஆடு மேயவிடுகிறார்கள். களைக்கொல்லியும் மிச்சம், உரமும் மிச்சம். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை.

தண்ணீர்க் கணக்கு சொன்னால் சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். உலகச் சராசரியில் 125 மில்லி ஒயின் ஒரு கிளாஸுக்குப் பின்னால் ஏறக்குறைய 110 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி தோட்டத்தில் பெய்த மழை. மழைநீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் ஒன்றில்லை என்பதைத் தாமிரபரணிக் கடைமடைக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மொத்த லிட்டரைக் கேட்காமல், பாசனத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சொட்டுநீரா, மழைநீர்க் குட்டை உண்டா என்று கேளுங்கள். ஆலைக்குள் தொட்டி கழுவ ஒரு லிட்டர் ஒயினுக்குப் பல லிட்டர் தண்ணீர் செலவாகும். கழுவிய தண்ணீர் புளிப்பும் சர்க்கரையும் கலந்தது. சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் மீன் சாகும். அதைச் சுத்திகரித்துத் திரும்பத் தோட்டத்துக்கே பாய்ச்சுகிற ஆலை நல்ல ஆலை. பிழிந்த சக்கை திராட்சை எடையில் கால் பங்கு வரை வரும். அது உரமாகிறதா, குப்பையாகிறதா என்பதும் ஒரு கேள்வி.

மின்சாரத்தில் பெரும்பங்கு குளிரூட்டுவதற்குப் போகிறது. வெள்ளை ஒயின் 12 முதல் 18 டிகிரிக்குள் நொதிக்க வேண்டும். வெளியே 35 டிகிரி வெயில். பெரிய ஆலைகள் கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கின்றன. நாசிக்கின் சுலா ஒயின் நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச்சந்தையில் பட்டியலானது. பட்டியலான பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் தண்ணீர், மின்சாரக் கணக்குகள் இருக்கும். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். விளம்பரத்தைவிட அது மேல். இன்னொரு சின்ன விஷயம்: பாட்டில் அடியில் கல்கண்டுத் தூள் போல மின்னும் படிகம் கிடந்தால் கண்ணாடித்தூள் என்று பயப்பட வேண்டாம். அது திராட்சைப் புளிப்பின் உப்பு, கெடுதல் இல்லை. அது படியாமல் இருக்கவே பல ஆலைகள் ஒயினை உறைநிலைக்குக் கீழே நாள்கணக்கில் குளிர வைத்து மின்சாரத்தைச் செலவழிக்கின்றன. நாம் அதைக் குறையாகச் சொல்லாமல் இருந்தால் அவர்களும் விட்டுவிடுவார்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், திராட்சைதான் காலநிலை மாற்றத்தின் நாள்குறிப்பு. பிரான்சின் பர்கண்டியில் போன் என்ற ஊரில் 1354 முதலான அறுவடைத் தேதிகள் பதிவாகி இருக்கின்றன. 1988-க்குப் பிறகு அங்கே அறுவடை, முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முன்னதாக வந்துகொண்டிருக்கிறது.

படி 4: முத்திரைகளைப் படிப்பது

இப்போது இலைப் படத்துக்கு வரலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலையில் நட்சத்திரங்கள் இலை வடிவத்தில் இருக்கும். 2012 அறுவடையிலிருந்துதான் அங்கே "ஆர்கானிக் ஒயின்" என்று போட அனுமதி. அதற்கு முன் "ஆர்கானிக் திராட்சையில் செய்தது" என்று மட்டுமே. தோட்டத்தில் செயற்கை மருந்தும் உரமும் இல்லை என்பது இதன் பொருள். பாட்டில் கனத்தைப் பற்றியோ மின்சாரத்தைப் பற்றியோ இது ஒன்றும் சொல்லாது.

அமெரிக்க ஆர்கானிக் முத்திரை இன்னும் கறார்: சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமல் இருக்கப் போடுவது. நொதிக்கும்போது தானாகவும் கொஞ்சம் உண்டாகும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் மண்ணுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. "சல்ஃபைட் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருப்பதை வைத்து இது பசுமையான ஒயின் என்று முடிவுகட்டாதீர்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் கெட்டுப்போகவும் செய்யும்.

டிமீட்டர் முத்திரை பயோடைனமிக் முறைக்கானது. 1924-ல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்தது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, எடுத்து, தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பார்கள். நிலவையும் நட்சத்திரத்தையும் பார்த்து வேலை செய்வார்கள். பஞ்சகவ்யம் தெளிக்கிற நம் ஊர் இயற்கை விவசாயிக்கு இது கிண்டலாகப் படாது. கொம்புச் சாணத்தின் பலனுக்கு அறிவியல் ஆதாரம் வலுவாக இல்லை. ஆனால் தாமிர வரம்பு இங்கே ஆர்கானிக்கைவிடக் கடுமை. ஹெக்டேருக்கு வருடச் சராசரி 3 கிலோ. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த முத்திரையை மதிக்கிறேன்.

ஆர்கானிக் இல்லாத, ஆனால் பரந்த கணக்குப் பார்க்கிற முத்திரைகளும் உண்டு. தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவை. நியூசிலாந்தில் 1995-ல் தொடங்கிய திட்டத்தில் இன்று அந்த நாட்டுத் திராட்சைப் பரப்பில் 96 சதவீதம் சேர்ந்துவிட்டது. கிட்டத்தட்ட எல்லோரும் பாஸ் என்றால் பரீட்சை எவ்வளவு கஷ்டம் என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு நாடு முழுக்கக் கணக்குக் கொடுக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. தென்னாப்பிரிக்க பாட்டில் கழுத்தில் எண்ணோடு ஒட்டியிருக்கும் முத்திரை 2010 அறுவடையிலிருந்து வருகிறது. அந்த எண்ணை வைத்துத் தேட முடியும். சிலிக்கும் கலிஃபோர்னியாவின் லோடை பகுதிக்கும் தனித்தனி விதித்தொகுப்புகள் உண்டு.

இந்தியப் பாட்டிலில் ஆர்கானிக் என்று எழுதியிருந்தால் "ஜைவிக் பாரத்" அல்லது "இந்தியா ஆர்கானிக்" முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரை இல்லாமல் எழுத்து மட்டும் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். "இயற்கையானது", "பூமிக்கு நல்லது", "பாரம்பரிய முறை" என்பவையும் அப்படியே. ஐரோப்பிய ஒயினில் 2023 டிசம்பர் முதல், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் லேபிளிலோ க்யூஆர் குறி வழியாகவோ இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே போனில் பார்த்துவிடலாம்.

சரி, திருநெல்வேலிக் கடையில் இதெல்லாம் கிடைக்குமா? சாதாரண டாஸ்மாக் கடையில் "அண்ணாச்சி, ஒயின் என்ன இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இனிப்பு வகையைத்தான் எடுத்து வைப்பார்கள். சாராய அளவு 15 சதவீதத்துக்கு மேல் என்று லேபிளில் இருந்தால் தனியாகச் சாராயம் சேர்த்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு இந்த வழிகாட்டி பயன்படாது. பெரிய நகரங்களின் எலைட் கடைகளில்தான் தேர்வுக்கு இடம் இருக்கும். அங்கேயும் முத்திரையுள்ள பாட்டில் கிடைக்காவிட்டால் படி 1-ம் 2-ம் போதும்: கனம் குறைந்தது, பக்கத்தில் விளைந்தது.

படி 5: மூடி

தக்கை என்றால் மரத்தை வெட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. வெட்டுவதில்லை. தக்கை ஓக் மரத்தின் பட்டையை 9 வருடத்துக்கு ஒருமுறை உரிக்கிறார்கள். மரம் 200 வருடம் வரை வாழும். உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. பட்டைக்கு விலை இருக்கிறவரை அந்தக் காடும் இருக்கும். பனை ஏறுகிற ஆள் இருக்கிறவரை பனை செங்கல் சூளைக்குப் போகாது என்று இங்கே சொல்கிறோமே, அதே நியாயம். திருகு மூடி அலுமினியம். சின்னதாக இருப்பதால் பழைய இரும்புக்காரர் தனியாக எடுப்பதில்லை. ஆனால் ஒயின் கெடுவது குறைவு, வெயில் ஊருக்குத் தோது. பிளாஸ்டிக் தக்கையை மட்டும் தவிர்க்கலாம்.

கிறிஸ்துமஸ் ஒயின்

வீட்டில் பன்னீர் திராட்சையும் சீனியும் போட்டு ஊறவைக்கிற பழக்கம் சில குடும்பங்களில் உண்டு. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால் அதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை. கேக்கோடு கொடுக்க அன்றன்று பிழிந்த பன்னீர் திராட்சைச் சாறே அருமையாக இருக்கும். பழத்தை ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். விதையையும் தோலையும் செடிக்குப் போடுங்கள்.

படி 6: வெயிலிலிருந்து காப்பாற்றுவது

கொட்டிவிடுகிற ஒயினைவிடப் பெரிய வீண் வேறில்லை. அதற்காகச் செலவான கண்ணாடி, டீசல், தண்ணீர் எல்லாம் அதோடு சாக்கடையில் போகிறது. ஒயினுக்கு 12 முதல் 18 டிகிரி தோது. கத்திரி வெயிலில் நம் வீட்டு அலமாரிக்குள் 35-ஐத் தாண்டும். டி.வி. மேல் அழகுக்கு நிறுத்தி வைக்கிற பாட்டில் ஒரு கோடைக்குள் கெட்டுவிடும். சித்திரை, வைகாசியில் வாங்காதீர்கள். வாங்கினால் அன்றே ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். அதற்கென்று தனி ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கினால் மிச்சம் பிடித்த கரியமில வாயு எல்லாம் கரண்ட் பில்லில் போய்விடும். தேவைக்கு ஒரு பாட்டில் மட்டும் வாங்குவதே சிக்கனம்.

திறந்த பாட்டிலை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். அதற்குள் தீராதென்று தெரிந்தால் சின்ன பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி மூடுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஆயுள் கூடும். புளித்துவிட்டதா? வாய் அகலமான ஜாடியில் ஊற்றி, மேலே மெல்லிய துணி கட்டி, வெயில் படாத இடத்தில் சில வாரம் வைத்தால் காடியாகிவிடும். வெங்காயம் ஊறவைக்க, இறைச்சியில் தடவ நன்றாக இருக்கும். வழவழப்பான வெளிர் ஆடை மேலே படர்ந்தால் நல்லது. பச்சையாகவோ கறுப்பாகவோ வெள்ளைப் பஞ்சு போலவோ பூஞ்சணம் பூத்தால் கொட்டிவிடுங்கள்.

படி 7: வெறும் பாட்டிலை என்ன செய்வது

நீலகிரியில் 2022-ல் நீதிமன்ற உத்தரவுப்படி தொடங்கி, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் வந்த திட்டம் ஒன்று உண்டு: பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருவது. உங்கள் பாட்டிலில் அந்தத் திட்டத்தின் ஸ்டிக்கர் இருந்தால் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஆற்றங்கரையில் போடாதீர்கள், குறுக்குத்துறைப் படித்துறையில் காலில் கண்ணாடி குத்தியவர்களைக் கேட்டால் தெரியும். பழைய கண்ணாடியை உலையில் 10 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தால் எரிபொருள் இரண்டரை முதல் மூன்று சதவீதம் மிச்சமாகும். அதனால் உடையாமல் பழைய பேப்பர் கடைக்குப் போட்டாலும் லாபம்தான்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வது அதைவிட லாபம். மரச்செக்குக் கடைகளில் சொந்தப் பாத்திரம் கொண்டுபோனால் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். கரும்பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுப்பதால் நல்லெண்ணெய்க்கு ஒயின் பாட்டில் பொருத்தம். திருகு மூடி இருந்தால் இன்னும் வசதி. லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, சாம்பல் போட்டுக் கழுவி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் காறிப்போகும்.